கேப்டனின் கறுப்பு வாளி

மாப்பிள்ளை வீட்டில் போய்க் குடியிருப்பதில்லை என்று நான் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. வாய் நிறைய நுரை இருந்ததால் முடிவை உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு வெளியே வந்தேன். மனைவி போனில் மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்பா யோசிச்சிட்டு இருக்கார்."

"யோசிச்சாச்சு," என்றேன்.

"யோசிச்சு முடிச்சுட்டாராம். இன்னும் சொல்லல," என்றாள் போனில்.

"சொல்றதுக்கு நீ விட்டாத்தானே?"

"சொல்றதுக்கு முந்தி டீ குடிக்கணுமாம்," என்றாள் போனில்.

குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் அவள் போனை வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். முடிவு என்னிடமே இருந்தது.

விஷயம் இதுதான். மகளும் மாப்பிள்ளையும் கடற்கரையோரமாக வடக்கே ஒரு துறைமுக ஊரில் இருக்கிறார்கள். மகள் பள்ளிக்கூட ஆசிரியை. மாப்பிள்ளை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். சொந்தமாக வீடு கட்டியபோது பின்பக்கம் இரண்டு அறையும் தனி வாசலும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். எங்களை அங்கே வந்து இருந்துவிடச் சொல்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். அதுதான் சிக்கல். அதட்டிச் சொல்லியிருந்தால் மறுப்பது சுலபம்.

நான் குடிநீர் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பதும், சுவருக்குள் மறைந்திருக்கும் கசிவைக் காது வைத்துக் கண்டுபிடிப்பதும் என் தொழில். அந்தத் தொழில் எனக்கு ஒரு கொள்கையைக் கொடுத்திருந்தது. மனிதன் தன் குழாயைத் தானே திறந்து தானே மூட வேண்டும். இன்னொருவர் குழாயை நம்பி வாழக் கூடாது. எங்கள் அடுக்குமாடி வீட்டின் வாசலில் என் பெயர்ப்பலகை இருக்கிறது. அங்கே நான் குடும்பத் தலைவன். மகள் வீட்டில் நான் பின்கட்டு மாமா.

இதையெல்லாம் அடுக்கிச் சொல்லலாம் என்று நான்கு நாள் காத்திருந்தேன். ஐந்தாம் நாள் அவளே வாயைத் திறந்தாள்.

"மாப்பிள்ளை சொன்னாராம். வர்ற மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் அந்த ரெண்டு ரூமையும் நமக்காக வச்சிருப்பாங்களாம். அதுக்கப்புறம் யாரோ வாடகைக்குக் கேக்கறாங்களாம்."

"அப்படியா?" என்றேன் வருத்தமாக.

வருத்தப்படுவதுபோல் பேசுவது கஷ்டம். மனதுக்குள் யாரோ தவில் வாசிக்கும்போது இன்னும் கஷ்டம். மாட்டேன் என்று சொல்லவே வேண்டாம். மனைவியின் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டாம். மகளின் அழுகையைக் கேட்க வேண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய்ச் சேராமல் இருந்தால் போதும்.

என்னிடம் ஒரு பாய்மரப் படகு இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு வாங்கினேன். சின்னப் படகு. ஒரு மரம், இரண்டு பாய், பின்னால் தொங்கும் ஒரு குட்டி என்ஜின், தலையைக் குனிந்துகொண்டால் இரண்டு பேர் உட்காரக்கூடிய ஓர் அறை. வாரம் ஒருமுறை துறையை ஒட்டிச் சுற்றி வருவேன். மனைவி ஒரு முறை வந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, கால் நீட்ட எங்க போவீங்க?" என்று கேட்டதோடு சரி.

"நாம நேர்ல போய்ப் பார்த்துட்டே பதில் சொல்லலாம்," என்றேன். "படகுல போவோம்."

"படகுலயா?"

"படகுலதான்."

"பஸ் இருக்கே?"

"பஸ்ஸை எவனோ ஓட்டுவான். இதை நான் ஓட்டுவேன்."

"அதனாலதான் பஸ் இருக்கேன்னு சொன்னேன்."

"நீயும் நானும் மட்டும். கரை ஓரமாவே, பகல் பூரா பாயில போய், பொழுது சாயறப்போ எங்கயாவது நங்கூரம் போட்டுட்டு... இத்தனை வருஷத்துல நாம ரெண்டு பேரும் தனியா எங்கயாவது போயிருக்கோமா?"

இந்தக் கடைசிக் கேள்வியைத் திட்டத்தின் பகுதியாகத்தான் கேட்டேன். கேட்ட பிறகுதான் அது நிஜம் என்று தெரிந்தது. போனதே இல்லை. அவளும் என்னைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றாள்.

அந்தச் 'சரி'யைக் கண்டு நான் பயந்திருக்க வேண்டும். என் மனைவி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பிடிவாதக்கார நோயாளிகளை அவளிடம்தான் அனுப்புவார்கள். அவளுடைய முறை எனக்கு மனப்பாடம். சாப்பாட்டு மேஜையில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். "மாத்திரையை வாயில திணிக்கக் கூடாதுங்க. கண்ணுல படற இடத்துல வச்சுட்டு வெளிய போயிடணும். அவங்களே கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டாத்தான் அது உடம்புல ஒட்டும்." ஆயிரம் தடவையும் தலையாட்டினேன். அதில் ஒரு தடவைகூட நான்தான் நோயாளி என்று தோன்றவில்லை.

கடைசி ஞாயிறுக்கு முந்தைய திங்கட்கிழமை கிளம்பினோம். நல்ல காற்று இருந்தால் நாலு நாள் பயணம். நான் மூன்று ஏற்பாடுகள் செய்திருந்தேன்.

முதலாவது, கேப்டன் தொப்பி. வெள்ளைத் துணி, கறுப்பு விளிம்பு, முன்னால் நங்கூரம் பொறித்த பித்தளை வில்லை. கடைக்காரர் அது எனக்கென்றே தைத்தது போல் இருக்கிறது என்றார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது, என்ஜின். அதன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் சவரப் பெட்டிக்குள் ஒளித்துவிட்டேன்.

மூன்றாவதுதான் முக்கியம். கொத்தனார்கள் கலவை அள்ளும் கறுப்பு ரப்பர் வாளி ஒன்றை வாங்கி, கனமான கயிற்றில் கட்டி, படகின் பின்பக்கம் தண்ணீருக்கு அடியில் தொங்கவிட்டேன். கயிற்றின் முனையைச் சுக்கானுக்குக் கீழே, குனிந்து பார்த்தாலும் தெரியாத இடத்தில் முடிந்தேன். தண்ணீருக்குள் வாயைத் திறந்துகொண்டு பின்னால் வரும் வாளி எந்தப் படகையும் பிடித்து இழுக்கும். மறைவான கசிவைக் கண்டுபிடித்தே காலம் தள்ளியவனுக்கு ஒரு வாளியை மறைப்பது பெரிய காரியமா?

மனைவி அப்போது அறைக்குள் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் குளியலறையிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் வாளியையும் கொண்டுவந்திருந்தாள். கைப்பிடி உடைந்து, ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி சுற்றிய வாளி. துணி துவைக்கவாம்.

துறையை விட்டு வெளியே வந்ததும் ஒழுங்குமுறைகளை அறிவித்தேன்.

"படகுல ஒரு கேப்டன்தான் இருக்க முடியும்."

"ஆமாங்க. மத்தவங்களுக்கு வேலை இருக்கும்."

"கேப்டன் சொல்றதை மாலுமி கேள்வி கேக்காம செய்யணும்."

"சரி."

"சமையல், டீ, கயிறு சுத்தறது உன்னோடது. மத்தியானம் நான் கொஞ்சம் கண் அசருவேன். அப்ப சுக்கானைப் பிடிச்சுக்கோ. கரை இடது கைப்பக்கமே இருக்கட்டும். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"சரி, கேப்டன்."

அந்த வார்த்தை என் காதில் தேனாக இறங்கியது. அவள் குரலில் இருந்த சின்ன நெளிவை நான் காற்று என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் கடல் சாதுவாக இருந்தது. பாயின் நிழல் காலையில் என் மடியில் இருந்தது. மெல்ல நகர்ந்து அவள் மடிக்குப் போனது. கரையில் ஊர்கள் வரிசையாக வந்தன. தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், மரக்கடை, மறுபடி தண்ணீர்த் தொட்டி. யாருடைய மீட்டரையும் பார்க்க வேண்டாம். யாருடைய காய்ச்சலையும் அவள் பார்க்க வேண்டாம். நாள் எவ்வளவு நீளம் என்பது அன்றுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

வாளி வேலை செய்தது. தூரத்தில் ஒரு சிமென்ட் ஆலையின் புகைபோக்கி தெரிந்தது. காலையில் அது எங்களுக்கு முன்னால் இருந்தது. மதியம் பக்கத்தில் வந்தது. நான் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து பார்த்தேன். அப்போதும் பக்கத்திலேயே இருந்தது. நான் எதிர்பார்த்ததைவிடத் திருப்தியான தாமதம்.

கரையில் ஒரு வயதான அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போனார்.

"கேப்டன், அந்த அம்மா நம்மள முந்திட்டாங்க," என்றாள் மனைவி.

"அவங்க தரையில போறாங்க. தரை வேற, தண்ணி வேற."

"நின்னு செருப்பைச் சரி பண்ணிட்டுப் போறாங்க. அப்பவும் முந்திட்டாங்க."

"நீரோட்டம் எதிரா இருக்கு."

"ஓ," என்றாள். "அது எதுல தெரியும்?"

"அனுபவத்துல."

"என்ஜினைப் போடலாமா?"

"அது கிளம்பறப்பவே கெட்டுப் போச்சு. உனக்குக் கவலையா இருக்கும்னு சொல்லல."

"பாவம், உங்களுக்குள்ளயே வச்சுக்கிட்டீங்களே," என்றாள்.

அடுத்த நாள் படகு இன்னும் மெதுவாகப் போனது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. ஒரு வாளிக்கு இவ்வளவு பலமா என்று எனக்கே ஆச்சரியம். உள்ளூர அந்தக் கொத்தனார் வாளியைப் பாராட்டினேன்.

அதற்குள் என் உடம்பு என்னைப் பாராட்டுவதை நிறுத்தியிருந்தது. அறையின் குறுக்கே ஒரு கட்டை. உள்ளே போகும்போது ஒரு இடி, வெளியே வரும்போது ஒரு இடி. படுக்கை என்பது ஒரு பலகை. அதில் மல்லாந்து படுக்கலாம், அல்லது ஒருக்களித்துப் படுக்கலாம். இரண்டுக்கும் நடுவில் புரளலாம் என்று நினைத்தால் கீழே விழலாம். உப்புத் தண்ணீரில் குளித்துக் குளித்து உடம்பு அப்பளம்போல் ஆகிவிட்டது. சாப்பாடு சோறும் அவித்த முட்டையும். மதியமும் அதே. இரவும் அதே.

"வேற எதுவும் கிடையாதா?" என்று கேட்டேன்.

"மாலுமி கேள்வி கேக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

"கேக்கறது கேப்டன்."

"அப்ப கேப்டனுக்குத்தான் தெரியணும். நாலு நாள் பயணம்னு சொன்னீங்க. நாலு நாளுக்குத்தான் சாமான் எடுத்தேன். போற வேகத்தைப் பார்த்து முட்டையைப் பங்கு போட்டிருக்கேன்."

டீயையும் பங்கு போட்டிருந்தாள். காலையில் ஒன்று, அவ்வளவுதான். அவளுக்கும் ஒன்றுதான் என்பதால் சண்டை போடவும் வழியில்லை.

ஒவ்வொரு நாளும் பொழுது சாயும்போது ஏதாவது ஒரு மீன்பிடித் துறையின் ஓரத்தில் நங்கூரம் போடுவோம். அங்கே போன் வேலை செய்யும். மகள் படங்கள் அனுப்புவாள். மனைவி அவற்றைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். போனை அப்படியே திறந்தபடி என் பக்கத்தில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

ஒரு நாள் வந்தது குளியலறையின் படம். வெந்நீர்க் குழாய். குழாயின் வாயில் கசிவு இல்லை. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நல்ல வாஷர் போட்டிருக்கிறார்கள். இன்னொரு நாள் கட்டிலின் படம். அதன் அகலத்தை நான் நெடுநேரம் பார்த்தேன். அதில் ஒரு மனிதன் மல்லாந்து படுத்து, மனம் மாறி, ஒருக்களித்துப் படுத்து, மறுபடி மனம் மாறலாம்.

"என்ன பார்க்கறீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மணி பார்த்தேன்."

"மணி மேல இருக்கும். கட்டில் கீழ இருக்கும்."

அவள் ஒரு தடவைகூட அங்கே போய் இருக்கலாம் என்று சொல்லவில்லை. அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அது எனக்கு மெல்ல மெல்ல எரிச்சலாக இருந்தது. கேட்டால்தானே மறுக்கலாம்?

வெள்ளிக்கிழமை துணி துவைக்கிற சத்தமே கேட்கவில்லை என்று நினைவு வந்து, "அந்தச் சிவப்பு வாளி எங்கே?" என்றேன்.

"இருக்கு," என்றாள்.

"எங்க?"

"இருக்க வேண்டிய இடத்துல."

கேப்டன் வாளிகளைப் பற்றி அதிகம் பேசுவது நல்லதல்ல என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை வானம் சுத்தமாக இருந்தது. எனக்குப் பொழுது போகவில்லை. போகிற வேகத்தில் மறுநாள் போய்ச் சேர வாய்ப்பே இல்லை. ஜெயித்துவிட்டேன். ஜெயித்தவனுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. ஒத்திகை நடத்தலாம் என்று தோன்றியது.

"நான் தண்ணில விழுந்துட்டேன்னு வச்சுக்கோ. என்ன பண்ணுவ?" என்றேன்.

"முதல்ல தொப்பியைக் காயப்போடுவேன்."

"விளையாடாதே. இது உயிர் விஷயம்," என்று சொல்லி, உட்காரும் மெத்தை ஒன்றை எடுத்துக் கடலில் வீசினேன். "இதுதான் நான். எடு பார்க்கலாம்."

அவள் அவசரப்படவில்லை. மெத்தையிலிருந்து கண்ணை எடுக்காமல் சுக்கானைப் பிடித்தாள். படகைக் காற்றோடு விலக்கி, அகலமாக ஒரு வட்டம் போட்டு, பாயைத் தளர்த்தி, மெத்தைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, குனிந்து எடுத்தாள். நான் தினமும் மதியம் தூங்கிய நேரமெல்லாம் அந்தப் பாரமான படகை ஓட்டியது அவள்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதன் சோம்பல் அவள் கைக்குப் பழகியிருந்தது.

"பரவாயில்ல," என்றேன்.

"இப்ப நான் விழுந்தா?" என்றாள். எட்டி என் தலையிலிருந்த தொப்பியை எடுத்தாள். கடலில் வீசினாள்.

"ஏய்!"

"தொப்பி இல்லீங்க அது. நான்."

நான் சுக்கானைப் பறித்துக்கொண்டேன். அகலமான வட்டத்துக்கெல்லாம் பொறுமை இல்லை. சட்டென்று காற்றுக்கு நேராகத் திருப்பினேன். வேகம் உள்ள படகு என்றால் அந்த உந்தலில் மறுபக்கம் திரும்பியிருக்கும். இது பாதி திரும்பியது. அப்படியே நின்றது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. சுக்கானை இந்தப் பக்கம் தள்ளினேன். அந்தப் பக்கம் தள்ளினேன். படகு அசையவில்லை. நான் கட்டிய வாளி அடியில் அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

தொப்பி சிறிது நேரம் வெள்ளையாக மிதந்தது. பித்தளை வில்லை ஒரு பக்கமாக இழுத்தது. சாய்ந்தது. பிறகு அந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது.

நான் சுக்கானை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். தொப்பிக்காக அல்ல. தொப்பி இல்லை, நான் என்று அவள் சொன்னது காதில் இருந்தது.

"குத்தமா சொல்லலீங்க," என்றாள். பாயை இறுக்கி, படகை நேராக்கி, சுக்கானைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். "ரெண்டு பேர் இருக்கற படகுல ஒருத்தர் விழுந்துட்டா மிச்சம் ஒரே ஆள்தான். அவரேதான் சுக்கானைப் பிடிக்கணும். அவரேதான் பாயைப் பார்க்கணும். கயிறு போடணும். யாரையாவது கூப்பிடணும்."

"அதுக்குத்தானே ஒத்திகை?"

"படகுக்கு ஒத்திகை பார்த்தாச்சு. வீட்டுக்கு?"

நான் நனைந்த மெத்தையைப் பிழிந்தேன்.

"மேல்மாடி வரைவாளரை நினைச்சுப் பார்த்தேன்," என்றாள்.

எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் ஒரு வரைவாளர் இருந்தார். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். மகன் கூப்பிட்டும் போகவில்லை. சென்ற வருஷம் ஒரு நாள் அவர் வீட்டுக் கதவருகே செய்தித்தாள்கள் சேர்ந்து கிடந்ததை என் மனைவி பார்த்தாள். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. பூட்டை உடைத்தோம். குளியலறையில் விழுந்து கிடந்தார்.

"அவரும் தன் குழாயைத் தானேதான் திறந்தார்," என்றாள். "மூடத்தான் ஆள் இல்ல."

கரை இடது பக்கம் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் முன்னாடி போனா நீங்க முட்டைகூட அவிக்க மாட்டீங்க. நீங்க முன்னாடி போனா அந்த வீட்டுல எனக்குக் கேப்டன்னு கூப்பிடக்கூட ஆள் இருக்காது. அவ்வளவுதான் நான் யோசிச்சது. நீங்க வேற யோசிச்சிருப்பீங்க. அதுவும் சரியாத்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு டீ போடப் போனாள். காலை டீ முடிந்திருந்தது. கணக்கில் இல்லாத டீ. நான் அன்று மதியம் தூங்கவில்லை.

அவள் உள்ளே இருந்த நேரத்தில் பின்பக்கம் குப்புறப் படுத்தேன். முடிச்சு ஊறி இறுகியிருந்தது. காய் நறுக்கும் கத்தியால் கயிற்றை அறுத்தேன். கறுப்பு வாளியைத் தூக்கித் தண்ணீரைக் கொட்டி, உபரிப் பாய் வைக்கும் பைக்குள் திணித்தேன். இனி படகு பறக்கும். நாளை ஞாயிற்றுக்கிழமை முடிவதற்குள் அந்த வாடகைக்காரனை முந்திவிடலாம்.

படகு பறக்கவில்லை. முன்னைவிடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். பின்னால் ஏதோ பாரம் இன்னும் இழுத்தது. அது மனசாட்சி என்று நினைத்தேன். வாளியை அறுத்துவிடலாம், அதை அறுக்க முடியுமா என்று ஆழமாகச் சிந்தித்தேன்.

"என்ஜினைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கட்டுமா?" என்றேன், டீயை வாங்கிக்கொண்டு.

"கெட்டுப் போச்சுன்னீங்க."

"சில கோளாறு தானாவே சரியாகும். உங்க ஆஸ்பத்திரில ஆகாதா?"

"ஆகும். நாங்க அதுக்கு வேற பேர் வச்சிருந்தோம்."

சவரப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

"இப்ப எதுக்குச் சவரம்?"

"மாப்பிள்ளை வீட்டுக்குப் போறோமே! மரியாதை வேண்டாமா?"

"அது நாளைக்குத்தானே?"

"இன்னைக்கே ஆரம்பிச்சா நாளைக்கு முடியும்."

பாதி முகத்தை மழித்துவிட்டு, பிளக்கை மாட்டி, கயிற்றை இழுத்தேன். என்ஜின் முதல் இழுப்பிலேயே கிளம்பியது. அது கொஞ்சம் தயங்கியிருந்தால் எனக்கு மரியாதையாக இருந்திருக்கும்.

"கை ராசி," என்றாள் மனைவி.

சனிக்கிழமை பொழுது சாயும் வரை ஓட்டினேன். ஞாயிறு விடிந்ததும் ஓட்டினேன். என்ஜின் அலறிய அலறலுக்குப் படகு போனது பாதிதான். துறைமுகத்தின் கிரேன்கள் தூரத்தில் தெரிந்தபோது மத்தியானம். படகுத்துறையில் மகளும் மாப்பிள்ளையும் நின்றிருந்தார்கள். படகு முட்டுவதற்கு முன்பே நான் துறைமேல் தாவினேன். தலையில் தொப்பி இல்லை. முகத்தில் ஒரு பாதி மழித்தது, மறு பாதி மழிக்காதது.

"கொடுத்துடாதீங்க மாப்பிள்ளை!" என்று கத்தினேன். "அந்த ரெண்டு ரூமும் எங்களுக்கு வேணும்! நாங்க இங்கதான் இருக்கப் போறோம்!"

மாப்பிள்ளை நிதானமான ஆள். கனமான சாமான்களை ஆட்டாமல் இறக்குகிற தொழில்.

"யாருக்கு மாமா கொடுக்கப் போறேன்?"

"அதான், அந்த வாடகைக்காரருக்கு."

"எந்த வாடகைக்காரர்?"

நான் மகளைப் பார்த்தேன். மகள் கடலைப் பார்த்தாள். கடலில் அப்படிப் பார்க்க ஒன்றும் இல்லை. மனைவி குனிந்து படகின் கயிற்றைத் துறைக் கட்டையில் கட்டிக்கொண்டிருந்தாள். நல்ல முடிச்சு. நான் சொல்லிக்கொடுக்காத முடிச்சு.

"மாமா, பின்னாடி என்ன கயிறு தொங்குது?" என்றார் மாப்பிள்ளை.

என் ரத்தம் உறைந்தது. பிறகு உருகியது. வாளியைத்தான் நேற்றே எடுத்துவிட்டேனே?

"ஒண்ணும் இருக்காது மாப்பிள்ளை. பாசியா இருக்கும்."

அவர் குனிந்து இழுத்தார். மெதுவாக, ஆட்டாமல், தொழில்முறையில் இழுத்தார். தண்ணீரிலிருந்து முதலில் ஒரு கைப்பிடி வந்தது. கைப்பிடியில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. அதன் பின்னால், கடலைச் சுமந்துகொண்டு, எங்கள் குளியலறைச் சிவப்பு வாளி மேலே வந்தது.

வாளியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அது என்னோடது, தம்பி," என்றாள் மனைவி. "மாமாவோடது பாய்ப் பைக்குள்ள இருக்கு."

அன்று மாலை வெந்நீரில் குளித்தேன். குழாயை நானே திறந்தேன். நானே மூடினேன். அகலமான கட்டிலில் மல்லாந்து படுத்தேன். மனம் மாறி ஒருக்களித்துப் படுத்தேன். அவள் கட்டிலின் ஜன்னல் பக்க ஓரத்தில் உட்கார்ந்து ஈரத் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப கட்டின?" என்றேன்.

"முதல் நாள் மத்தியானம். நீங்க தூங்கினீங்க. படகு ஏன் நகரலன்னு பின்னாடி எட்டிப் பார்த்தேன். கறுப்பா ஒண்ணு தெரிஞ்சுது."

"அதைப் பார்த்துட்டு அறுக்கத்தானே தோணும்? இன்னொண்ணு கட்டத் தோணுமா?"

"ஒரு வாளிக்கு நாம வெள்ளிக்கிழமையே வந்து சேர்ந்திருப்போம். உங்களுக்கு வெள்ளிக்கிழமை பத்தாதுங்க. நீங்க கெட்டியான உடம்பு."

ஒரு நோயாளியைப் பற்றி இன்னொரு நர்ஸிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

"வாடகைக்காரன்?"

"உங்களுக்கு ஒரு தேதி வேணும். தேதி இல்லாட்டி நீங்க கிளம்பவே மாட்டீங்க."

"முட்டை?"

"இன்னும் ஒரு டஜன் இருக்கு. டீத்தூளும் இருக்கு."

சிறிது நேரம் கூரையைப் பார்த்தேன். கேட்க வேண்டியது ஒன்று மிச்சம் இருந்தது. அதைக் கேட்கத் தைரியம் வர நேரமானது.

"வரைவாளரைப் பத்திச் சொன்னியே. முன்னாடி போறது, பின்னாடி போறது... அதுவும் திட்டந்தானா?"

துணியைப் பிரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"இல்லீங்க," என்றாள். "அது நிஜம்."

அவள் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். அவள் அதை இழுத்துக்கொள்ளவில்லை. வெளியே கிரேன் ஒன்று எதையோ மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, என் தொப்பியாவது ஒரு நல்ல காரியத்துக்காகத்தான் மூழ்கியது என்று எனக்கு ஒரு நிறைவு வந்தது.

"அந்தத் தொப்பியைத் தூக்கிப் போட்டது நல்ல யோசனை," என்றேன். "அதுதான் என் மனசை மாத்திச்சு. அதைத் திட்டத்துல எப்ப சேர்த்த?"

"சேர்க்கவே இல்லீங்க," என்றாள். "அதை வாங்கின நாள்லேர்ந்தே எனக்குப் பிடிக்கல."